ஈர உப்பின் எடை

அவெய்ரோவில் நவம்பர். காயல் காற்று
ஜன்னல் இடுக்கில் நுழைந்து தாளைத் தூக்குகிறது.
சர்க்கரைக் கிண்ணத்தை அதன்மேல் வைத்தார் பெல்மீரோ.
மூன்று பத்தி கோடு போட்டிருக்கிறேன்:
என்ன. யார். எப்போது.

இதயம் தளர்ந்திருக்கிறது, நின்றுவிடவில்லை என்று
மருத்துவமனையில் சொன்னதையே திரும்பச் சொல்கிறேன்.
தினமும் எழுந்ததும், காப்பிக்கு முன், எடை.
மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் என்னைக் கூப்பிட வேண்டும்.
தண்ணீர் ஒன்றரை லிட்டர். சூப்பும் தண்ணீர்தான்.
அப்புறம், உப்பு...

அந்தச் சொல்லில் எனக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது.
நாற்பத்தொரு வருஷம் உப்பளத்தில் நின்ற கால்கள்
மேசைக்கடியில் வீங்கிக் கிடக்கின்றன.
உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும்.
இவருக்கு நான் இரண்டையும் அளந்துகொண்டிருக்கிறேன்.

அவர் சிரித்தார்.
"ஈர உப்பு எடை கூடும். எனக்கா சொல்லித்தருகிறாய்?
வியாபாரி வருவதற்கு முந்தின ராத்திரி
குவியல்மேல் வாளி வாளியாகத் தெளித்தவன் நான்."
கணுக்காலை விரலால் அழுத்தினார்.
குழி விழுந்தது. அவசரமில்லாமல் நிரம்பியது.
"அதே திருட்டுக் கணக்கு."

லக்ஸம்பர்கிலிருந்து மகள் ஒடெட், கைபேசித் திரையில்:
ஞாயிறு மாலை மாத்திரைப் பெயர்களை அவள் படிப்பாள்,
பக்கத்து வீட்டு அமில்கார் பெட்டியில் போடுவார்.
ஊருக்கே உப்பிட்டவருக்கு உப்பில்லா ரொட்டி,
அது ஜுல்மீராவின் அடுப்பு, செவ்வாயும் வெள்ளியும்.
எடை: பெல்மீரோ.
எண்களைப் பார்ப்பது: நான்.
எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.
அமில்கார் மட்டும் இரண்டு முறை,
முதல் முறை பேனா எழுதவில்லை என்று.

ஜனவரியில் எண்கள் வந்தன.
எழுபத்தொன்று. எழுபத்தொன்று. எழுபத்தொன்று.
ஒன்பது நாள்.
இரண்டு வீடுகளுக்கு நடுவே, காரில், பார்த்தேன்;
ஒரு வீட்டுக் கவலை விட்டது என்று மகிழ்ந்தேன்.

பத்தாம் நாள் விடியலில் அமில்கார் கண்டார்:
படுக்க முடியாமல், நாற்காலியில்,
மேசையின் விளிம்பைப் பிடித்தபடி மூச்சு.
ஆஸ்பத்திரித் தராசு எழுபத்தாறு சொன்னது.

பிப்ரவரி. அதே மேசை, அதே சர்க்கரைக் கிண்ணம்.
ஒடெட் அமில்காரைக் கத்தினாள். அமில்கார் ரொட்டிக்காரியை.
அவள் பண்டிகைச் சாப்பாட்டை.
நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
பார்ப்பது: நான்.
பார்த்தேன். அதுதான் என் குற்றம்.
உயிருள்ள எந்த உடம்பும்
ஒன்பது நாள் ஒரே எண்ணில் நிற்காது.
அதை அவர்களிடம் சொன்னேன்.
கொஞ்ச நேரம் குளிர்சாதனப் பெட்டிதான் பேசியது.

"இதில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது" என்றார் பெல்மீரோ.
"பொய் சொன்னவன்
மறுநாள் யாரிடம் போய்ச் சொல்வது?
மகள் அழுவாள். டாக்டர் கடிகாரம் பார்ப்பார்.
உன்னிடம் சொல்ல வெட்கம்.
அதற்கு ஒரு பெயர் போடு."

படித்த படிப்பில் அப்படியொரு கட்டம் எனக்கு இல்லை.

அமில்கார் கையைத் தூக்கினார்.
"முப்பது வருஷமாகச் சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறான்.
எனக்குப் பழக்கம்."

எழுதினேன்.
என்ன: பொய். யார்: அமில்கார்.
எப்போது: இரவு பத்துக்குள்.
திட்டக்கூடாது என்றும் சேர்த்தேன்.
"கொஞ்சம் திட்டலாம்" என்றார் பெல்மீரோ,
"இல்லையென்றால் நம்ப மாட்டேன்."

இன்று காலை எழுபத்திரண்டரை.
கீழே அமில்காரின் பெரிய எழுத்துகளில்:
நேற்று உப்புக்கண்ட மீன். ஒரு துண்டு.
ஒரு நிமிஷம் கழித்து இன்னொன்று:
இரண்டு என்கிறான்.

காரைத் திருப்புகிறேன்.